காவல் மாறும் இஸ்பேட்

செஞ்சியில் ராஜகிரி மலையின் அடிவாரம். மதில் நிழலில் துண்டை விரித்து நான்கு பேர் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் காசு இல்லை, டீதான். சீட்டை இறக்கிய ஒருவரின் முன்கையில் இஸ்பேட் ஆஸ் ஒன்று பச்சை குத்தியிருந்தது. கீழே கிடந்த சீட்டில் இருந்த ஆஸைவிடப் பெரிது. “குத்தி ஏழு வருஷம் ஆச்சுங்க. வெயில்ல காஞ்சாலும் போகல, சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போகல” என்றார்.

பக்கத்தில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஆயாவின் கையிலும் பச்சை இருந்தது. ஒரு புள்ளிக் கோலம். அதற்குக் கீழே தேளா நண்டா என்று சொல்ல முடியாத ஓர் உருவம். “தேளுன்னுதான் குத்துனாங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப அது என்னான்னு எனக்கே தெரியல” என்று சிரித்தார். கோலம் மட்டும் புள்ளி குறையாமல் இருந்தது.

இந்த இரண்டு கைகளும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும்போது பச்சை ஏன் உதிரவில்லை? ஒரே கையில், ஒரே ஊசியால் குத்தியதில் கோலம் நின்று தேள் ஏன் கலைந்தது? இரண்டாவது கேள்விக்கான பதில், சீட்டாட்டப் பிரியர்கள் ஏன் இஸ்பேட்டையும் ஆர்ட்டினையும் விரும்பிக் குத்திக்கொள்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் விளக்கிவிடும்.

முதலில் தோலை அளந்துவிடலாம். அளவுகோலாகக் கையில் இருக்கும் சீட்டையே வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டின் தடிமன் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நம் முன்கையின் மேல்தோல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த மெல்லிய ஏட்டின் அடியில் புதிய செல்கள் பிறந்து, மெதுவாக மேலே வந்து, காய்ந்து, பொடியாக உதிர்கின்றன. ஒரு சுற்று முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ரம்மி ஆடியவரின் மேல்தோல் ஏழு ஆண்டுகளில் அறுபது முறையாவது முழுதாக மாறியிருக்கும். மருதாணி சில வாரங்களில் மறைவதற்கு இதுதான் காரணம். அது உதிரும் ஏட்டில் எழுதிய எழுத்து.

பச்சை அதற்கும் கீழே போகிறது. மேல்தோலுக்கு அடியில் உள்தோல் இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாயும் நார்களும் பின்னிக் கிடக்கும் இடம் அது. உதிர்வது அதன் பழக்கம் இல்லை. நல்ல பச்சை 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கும். சீட்டுக் கணக்கில் சொன்னால் மூன்று சீட்டுக்குக் கீழே, ஆறு சீட்டுக்கு மேலே. மேல்தோலிலேயே நின்றுவிட்டால் சில வாரங்களில் உதிர ஆரம்பிக்கும். ஆறைத் தாண்டினால் கொழுப்பில் இறங்கி, ஈரத்தாளில் சொட்டிய மையைப் போலப் பரவும். குத்துபவரின் திறமை முழுவதும் அந்த மூன்று சீட்டு இடைவெளிக்குள்தான்.

அந்த இடைவெளியை நம் ஊர்க் குறத்திகள் எந்த அளவுகோலும் இல்லாமல் கைப்பழக்கத்தில் பிடித்துவைத்திருந்தார்கள். நாலைந்து ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, படத்தை வரைந்து, அதன் மேல் குத்திக்கொண்டே போவார்கள். கையால் எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான். இன்றைய மின்கருவி விநாடிக்கு நூறு தடவை அளவில் குத்துகிறது. ஊசி தோலில் ஓடும் நேரம் மொத்தம் பத்து நிமிடம் என்றால், ஒரு சிறிய இஸ்பேட்டுக்கு 60,000 குத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பச்சை குத்தும் ஊசி, மருத்துவமனை ஊசியைப் போல நடுவில் துளையுள்ளது கிடையாது. அது மையை உள்ளே செலுத்துவதும் இல்லை. மையில் நனைந்த ஊசி தோலைத் துளைத்துவிட்டு வெளியே வரும்போது, அது விட்டுச்சென்ற வெற்றிடம் மையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஸ்ட்ரா வழியாக இளநீர் ஏறுவதைப் போலத் தோலே மையைக் குடிக்கிறது.

மின்கருவியின் பிறப்பும் ஒரு கதைதான். தாமஸ் ஆல்வா எடிசன் 1876இல் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அலுவலகங்களில் கடிதத்துக்குப் பல நகல் எடுப்பதற்கான கருவி அது. எழுத எழுத, அதன் முனையிலுள்ள ஊசி தாளில் நுண்துளைகளைப் போட்டுக்கொண்டே போகும். பிறகு அந்தத் தாளை வெற்றுத்தாளின் மேல் வைத்து மை உருளையை ஓட்டினால் எழுத்து கீழே இறங்கும். மார்கழியில் துளையிட்ட தகர அச்சின் மேல் கோலப்பொடியைத் தூவுகிறோமே, அதே தந்திரம். இதற்கு ஸ்டென்சில் என்று பெயர். அந்தப் பேனாவின் வழிமுறையிலிருந்து உருவான பச்சை குத்தும் கருவிக்கு 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி காப்புரிமை பெற்றார். ஸ்டென்சில் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் கதையிலும் அது வரும்.

உள்ளே வரும் படை

அறுபதாயிரம் குத்து என்பது உடலைப் பொறுத்தவரை அறுபதாயிரம் காயம். உடல் சும்மா இருக்காது. படையை அனுப்புகிறது.

இந்தப் படையை முதலில் கண்டவருக்கும் ஒரு முள்தான் உதவியது. 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடலில் முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை அவை விழுங்கப் பார்த்தன. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த விழுங்கும் செல்களில் பெரியவற்றை மேக்ரோஃபேஜ் என்கிறார்கள். தமிழில் பெருவிழுங்கி.

பெயர்தான் பெரிது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஐம்பது பெருவிழுங்கிகளை வரிசையாக நிறுத்தலாம். ஊசி கொண்டுவந்த மையைக் கண்டதும் அவை பாய்ந்து விழுங்குகின்றன. கிருமி என்றால் உள்ளே வைத்தே கரைத்துவிடும். கரித்துகள் கரையாது. துப்பவும் வழியில்லாமல், செரிக்கவும் முடியாமல், வயிறு நிறைய மையோடு அதே இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. ரம்மிக்காரரின் கையில் நாம் பார்த்த இஸ்பேட் ஆஸ், பெரும்பாலும் இப்படி மையை விழுங்கிவிட்டு விழிக்கும் செல்களின் கூட்டம்தான்.

அப்படியானால் அந்தச் செல்கள் சாகாவரம் பெற்றவையா? நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்: மை ஏறிய செல் மனிதரின் ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கிறது என்று. 2018இல் பிரான்சின் மார்சேய் நகரில் சாந்த்ரின் ஆன்ரி, பெர்னார் மலிசேன் ஆகியோரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. எலிகளின் வாலில் பச்சை குத்தினார்கள். பிறகு, உள்தோலின் பெருவிழுங்கிகளை மட்டும் தேர்ந்து கொல்லும் வழி ஒன்றைக் கையாண்டார்கள். செல்கள் செத்தன. பச்சை அசையவில்லை.

நடந்தது இதுதான். இறக்கும் பெருவிழுங்கி தன் வயிற்றிலிருந்த மையைக் கீழே விடுகிறது. அந்த இடத்துக்குப் புதிதாக வரும் பெருவிழுங்கி அதை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. அதுவும் ஒருநாள் இறக்கும். அடுத்தது எடுக்கும். ஆட்டத்தின் நடுவில் எழுந்துபோகிறவர் தன் கைச்சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவாரே, அதைப் போல. ஆள் மாறுகிறார். சீட்டு மாறுவதில்லை.

ஐயம் தீர அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பச்சை குத்திய தோல்துண்டை வெட்டி இன்னோர் எலியின் உடலில் ஒட்டவைத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மையைச் சுமந்துகொண்டிருந்த செல்களில் பெரும்பாலானவை புதிய எலியுடையவை. பழைய காவலர்கள் போய்விட்டார்கள். காக்கப்படும் பொருள் அப்படியே இருந்தது.

செஞ்சியில் நின்றுகொண்டு இதைப் புரிந்துகொள்வது எளிது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி. எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர். 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர். கொத்தளத்தில் நின்ற காவலர்களின் மொழியும் உடையும் ஒவ்வொரு முறையும் மாறின. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகளும் வரையும் முக்கோணம் மாறவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்தளங்களாக விளங்கிய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். பச்சையும் அப்படி ஒரு கோட்டைதான். அது நிற்பது காவலர்களின் ஆயுளால் கிடையாது. காவல் மாறும்போது இடைவெளி விழாததால்.

கரி ஏன் பச்சையாகிறது?

ஆயாவின் கையில் இருப்பது கரி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் காலத்து மை செய்யும் முறையை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். மஞ்சளும் அகத்தியும் திரியில் எரிந்துவிடுகின்றன. தோலில் ஏறுவது கார்பன்தான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த, சுமார் 5,300 ஆண்டுப் பழைய ‘ஓட்ஸி’ மனிதனின் உடலில் 61 பச்சைகள் இருந்தன. அவையும் கரிதான்.

கன்னங்கரேல் என்று உள்ளே போன கரிக்கு நாம் ஏன் பச்சை என்று பேர் வைத்தோம்? ஒளியியல் அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்கிறது. வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. தோலுக்குள் நுழையும் ஒளியில் சிவப்பு ஆழமாகப் போகும். நீலமும் பச்சையும் அவ்வளவு ஆழம் போவதில்லை, மேலேயே இழைகளில் மோதித் திரும்பிவிடும். இதற்கு ஒளிச்சிதறல் என்று பெயர். ஆழம் போன சிவப்பைக் கரி விழுங்கிவிடுகிறது. திரும்பி வந்து நம் கண்ணில் விழுவதில் நீலப்பச்சையின் பங்கு கூடிவிடுகிறது. கைநரம்பு பச்சையாகத் தெரிவதற்கும் இந்தச் சிதறலே முக்கியக் காரணம். உள்ளே ஓடும் இரத்தம் என்னவோ சிவப்புதான்.

நிறத்தில் இன்னொரு திரையும் இருக்கிறது. நமக்கு மாநிறம் தரும் மெலனின் என்ற நிறமி மேல்தோலின் அடிவரிசையில் இருக்கிறது. மை அதற்கும் கீழே. எனவே பச்சையை நாம் எப்போதும் பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். அந்தக் கண்ணாடி வழியே வெள்ளையும் வெளிர்மஞ்சளும் காணாமல் போகும். அடர்சிவப்பு செம்பழுப்பாகும். கருப்புக்கு மட்டும் குறைவு வராது. சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களில் நம் தோலுக்கு ஒத்துப்போகிறவை இஸ்பேட்டும் கிளாவரும். ஆர்ட்டினும் டைமனும் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. மைகளில் அதிகமாக ஒவ்வாமை தருவது சிவப்பு. முன்பு சிவப்பு மையில் பாதரசம் கலந்த சாதிலிங்கம் இருந்தது. இப்போது செயற்கைச் சாயங்கள். அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் சிவப்புப் பகுதியில்தான் கிளம்புகின்றன.

சீட்டின் நான்கு முகங்கள்

இனி இரண்டாவது கேள்வி: கோலம் நின்று தேள் ஏன் கலைந்தது? விடைக்குச் சீட்டின் வழியாகப் போவோம். சீட்டுப் பிரியர்களின் கைகளில் திரும்பத் திரும்ப வரும் படங்கள் சிலவே. இஸ்பேட் ஆஸ். ஆர்ட்டின் ராணி. ஜோக்கர். நான்கு சின்னங்களும் வரிசையாக. அமெரிக்காவில் என்றால் ‘செத்தவன் கை’ என்ற சேர்க்கை: இரண்டு கருப்பு ஆஸ், இரண்டு கருப்பு எட்டு. 1876இல் டெட்வுட் என்ற ஊரில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட வைல்ட் பில் ஹிக்காக்கின் கையில் அவைதான் இருந்தன என்று சொல்வார்கள்.

இவற்றில் இஸ்பேட் ஆஸுக்கு அலங்காரம் வந்த கதை ஒரு வரிக் கதை. இங்கிலாந்தில் அப்போது சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஆஸை அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டது. கள்ள அச்சு வரக்கூடாது என்பதற்காக அதில் கொடியும் கிரீடமும் நெளிவும் சேர்த்தார்கள். கள்ள ஆஸ் அச்சடித்தால் தூக்கு. ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். வரி போன பிறகும் அலங்காரம் தங்கிவிட்டது. இன்று புதுக்கட்டைப் பிரித்தால் ஒரே ஓர் ஆஸ் மட்டும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பதற்கு அந்தப் பழைய வரியே காரணம்.

சின்னங்களின் பிறப்பு அதற்கும் முந்தையது. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வகைச் சீட்டு. இத்தாலியில் வாள், தடி, கோப்பை, நாணயம். ஜெர்மனியில் மணி, இலை, இதயம், ஓக் மரத்தின் காய். இவற்றை மரக்கட்டையில் செதுக்கிப் பல நிறம் தீட்ட வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும். 1480 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் படத்தைச் சுருக்கினார்கள். இரண்டே நிறம். உள்ளே கோடு இல்லாத நான்கு வடிவம். இப்போது செதுக்குவதற்கு வேலையே இல்லை. தகட்டில் வடிவத்தை வெட்டி, தாளின் மேல் வைத்து, மைத்தூரிகையை ஓட்டினால் போதும். நாம் நினைவில் வைத்த ஸ்டென்சில்! மலிந்த சீட்டு உலகம் முழுதும் போனது.

அது நம்மிடம் வந்த தடம் நம் நாக்கிலேயே இருக்கிறது. மூவிலைச் சின்னத்தை ஆங்கிலேயர் கிளப் என்பார்கள், அதாவது தடி. படத்தில் தடி எங்கே? இத்தாலியச் சீட்டின் பழைய பெயரை அவர்கள் பிரெஞ்சு வடிவத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். இஸ்பேட்டும் அப்படியே. அந்தப் பெயரின் வேர் வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல். ஆனால் தமிழர் மூவிலையைத் தடி என்பதில்லை. கிளாவர் என்கிறோம். டச்சு மொழியில் அந்தச் சின்னத்துக்குப் பெயர் கிளாவர், ஒரு வகைத் தீவனச் செடியின் மூவிலை. இதயத்துக்கு டச்சுக்காரர் சொல்வது ஹார்ட்டன். நாம் ஆர்ட்டின் என்கிறோம். அவர்களின் ‘ஆஸ்’ நமக்கும் ஆஸ். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்களுக்குக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய இடம் கொடுத்தவர் இதே செஞ்சியின் நாயக்க மன்னர்தான். வடிவம் பிரெஞ்சு, பெயர் பாதி டச்சு, ஆட்டம் நம்முடையது.

மலிவுக்காகச் செய்த அந்தச் சுருக்கம்தான் தோலில் கைகொடுக்கிறது. தோலைவிட மோசமான காகிதம் கிடையாது. அது விரியும், சுருங்கும், வியர்க்கும். காவல் மாறும் ஒவ்வொரு முறையும் மைத்துகள் இருந்த இடத்திலிருந்து மயிரிழை நகர்ந்துவிடும். ஆண்டுகள் போகப் போகக் கோடு தடிக்கும். பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று தொடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த இயன் ஈம்ஸ் 2011இல் இந்த நகர்வைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார். முதலில் அழிவது நுணுக்கம், சுமார் 15 ஆண்டுகளில். தடித்த கோடு தாக்குப்பிடிக்கும். ஆயாவின் தேளுக்கு நடந்தது இதுதான். எட்டுக் கால்களும் கொடுக்கும் நெருக்கமாக இருந்தன, ஒன்றோடொன்று கலந்தன. கோலத்தின் புள்ளிகளுக்கு நடுவே இடம் இருந்தது. புள்ளி பெருத்தாலும் புள்ளிதான்.

இதே கதி சீட்டுக்கும் நேர்ந்திருக்கிறது, காகிதத்தில். ஆர்ட்டின் ராஜாவை எடுத்துப் பாருங்கள். தன் தலையில் தானே வாளைச் செருகிக்கொள்வது போல நிற்பார். தற்கொலை ராஜா என்ற பட்டப்பெயரோடு அவரும் பலர் தோளில் பச்சையாக ஏறியிருக்கிறார். உண்மையில் பழைய அச்சுகளில் அவர் கையில் இருந்தது கோடரி. செதுக்குகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகல் எடுத்தபோது கோடரியின் அலகு சட்டத்துக்கு வெளியே போய்த் தொலைந்தது. பிடி மட்டும் மிஞ்சி வாளாயிற்று. மீசையும் அதே வழியில் போனது. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவர் இவர் ஒருவர்தான். ராஜாவின் முகம் இப்படி மாறிய அதே காலத்தில், மூலையிலிருந்த ஆர்ட்டின் சின்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மாறும்போது நுணுக்கம் சிந்தும், நிழலுரு நிற்கும்.

நம் நாட்டுக் கஞ்சிஃபா சீட்டை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வட்டமான, கையால் வண்ணம் தீட்டிய சீட்டு. பாபர் தன் நினைவுக்குறிப்பில் 1527இல் ஒரு நண்பருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதை எழுதியிருக்கிறார். முகலாயர் கட்டில் 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்கும் பன்னிரண்டு வீதம் 120. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் இன்றும் தீட்டுகிறார்கள். நரசிம்மரின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தெரியும் அழகு. அதே அளவில் தோலில் குத்தினால் இருபது ஆண்டில் ஒரு நீலத்திட்டு.

புதிய ஆட்டங்களும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கின்றன. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளியான ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் உண்டு. அதன் ரசிகர்கள் விரும்பிக் குத்திக்கொள்பவற்றில் முன்னால் நிற்பவை ஐந்து எளிய குறிகள்: சூரியன், நீர்த்துளி, மண்டையோடு, தீ, மரம். ஐந்தும் நிழலுருக்கள். 1480இன் பிரெஞ்சுப் பட்டறைக்காரர் பார்த்தால் தலையசைத்திருப்பார்.

நம் பச்சைக்காரிகள் இதை எந்தப் பட்டறையிடமும் கற்கவில்லை. தென்னிந்தியாவின் வாசல் கோலங்களையும் பச்சை வடிவங்களையும் சேர்த்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டிலும் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் புதிர்வழி வடிவங்களை அவர் கண்டார். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஏழு வளையப் புதிர்வழியை மக்கள் ஏழுசுற்றுக் கோட்டை என்பார்கள். பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டில் கற்களை அடுக்கிச் செய்த பெரிய ஏழுசுற்றுக் கோட்டை ஒன்று இருக்கிறது. ஒரே தடிமனில் ஒரே கோடு, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. கோடு பெருக்க இடம் விட்டே வரைந்த வடிவம்.

ஆட்டத்தை விட்டுப் போகும் துகள்கள்

எல்லா மையும் காவலில் தங்குவதில்லை. மிக நுண்ணிய துகள்கள் திரவத்தோடு ஒழுகி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடும். கிருமிகளைப் பிடித்து நிறுத்தும் சோதனைச்சாவடிகள் அவை. 2017இல் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று இறந்தவர்களின் உடல்களில் இந்தக் கணுக்களை எக்ஸ்கதிரால் ஆராய்ந்தபோது, வெள்ளை மையில் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடின் நுண்துகள்கள் அங்கே இருந்தன. பச்சை குத்தியவரின் கணுவிலும் மையின் நிறம் ஏறியிருக்கலாம்.

அழிக்க நினைத்தால் லேசர் இருக்கிறது. அதன் நவீன வகை ஒரு துடிப்பை சில நூறு பிக்கோவிநாடிகளில் முடித்துவிடும். பிக்கோவிநாடி எவ்வளவு சிறிது? அதை ஒரு விநாடியாக நீட்டினால், நம் ஒரு விநாடி சுமார் 31,700 ஆண்டாக நீளும். அந்தக் கண்ணிமைக்கு எட்டாத நேரத்தில் துகள் சூடேறி வெடித்துப் பொடியாகிறது. பக்கத்துத் தோலுக்குச் சூடு பரவ நேரமே இல்லை. ஆனால் பொடியானதையும் அடுத்த பெருவிழுங்கி ஓடிவந்து பொறுக்கிக்கொள்கிறது. பல வார இடைவெளிகளில் பல முறை போக வேண்டியிருப்பதற்கு இந்த விசுவாசமான காவலும் ஒரு காரணம். கருப்பு சீக்கிரம் போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும்.

உங்கள் கையிலும் ஓர் ஆஸ் ஏற வேண்டும் என்று தோன்றினால், படத்தைத் தாளில் வரைந்து பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். அங்கிருந்து என்ன சின்னம் என்று தெரிந்தால் தோலிலும் நெடுநாள் தெரியும். கோடுகளுக்கு நடுவே கோலக்காரி விடும் அளவுக்கு இடம் விடுங்கள். உறை பிரிக்காத புது ஊசியா, புதிதாக ஊற்றிய மையா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பழைய ஊசியில் கல்லீரல் அழற்சியும் எச்ஐவியும் தொற்றலாம். குத்திய நாளிலிருந்து ஓராண்டுக்கு இரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பும்போது ரம்மி முடிந்து டீ வந்திருந்தது. தோற்றவர், கையில் ஆஸ் குத்தியிருந்தவர்தான்.